வெறும் கார்பன்

நூற்றிருபது மணி நேரம் கொடுத்தார்கள். அதில் மூன்று மணி நாற்பது நிமிடம் காணாமல் போனது.

தங்கள் முடுக்கியில் சோதனை செய்துகொள்ளக் கொடுத்தவர்கள் ஜப்பான்காரர்கள். தொலைத்தவன் சத்யராஜ். இது கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். கேன்டீனில் வடை போடுகிறவருக்குக்கூடத் தெரியும். முடுக்கி என்றால் என்ன, கற்றை என்றால் என்ன என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஓர் ஆராய்ச்சி மாணவன் ஜப்பான் வரைக்கும் போய்த் தூங்கினான் என்பது தெரியும். ஒரு செய்தியில் தனக்குப் புரிகிற துண்டை மட்டும் பிய்த்துக்கொண்டு போவதுதான் மனிதர்களின் வழக்கம்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் சத்யராஜின் ஆய்வுப் பதிவு ரத்து. நாலரை வருட வேலை குப்பைக்குப் போகும். இனி எந்தப் பல்கலைக்கழகமும் அவனை வாசலில்கூட நிறுத்தாது.

அந்த மூன்று மணி நாற்பது நிமிடம் எங்கே போனது என்று ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். பிள்ளையார்பாளையம் ஏலவார்குழலி, அதே குழுவில் ஆராய்ச்சி மாணவி, வயது இருபத்தேழு. அவள் ஐந்து மாதமாக வாயைத் திறக்கவில்லை.

பொதுவாகவே அவள் வாயைத் திறப்பதில்லை. கடையில் மீதிச் சில்லறை குறைந்தாலும் கேட்காமல் வந்துவிடுவாள். பேசுவதற்குப் பதிலாக அவள் செய்கிற காரியம் ஒன்று உண்டு: எதிரில் இருப்பவரை மனதுக்குள் மட்டமாக எடைபோடுவது. அதற்குக் குரல் வேண்டியதில்லை.

அந்த வகையில் அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் வேணுகோபால் ஐந்து வருடமாக அவளுக்குத் தீனி போட்டுவந்தார். இப்போது தெருமுனையில் அவருக்கு ஒரு பிளெக்ஸ் பேனர் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை பாராட்டு விழா. 'அணுவைப் பிளந்து புதிய நிலை கண்ட அண்ணலே வருக' என்று எழுதி, அவர் தலைக்குப் பின்னால் அணுகுண்டு வெடித்த காளான் புகையைப் போட்டிருந்தார்கள். கட்டுரை இன்னும் அச்சாகவில்லை. பேனர் அச்சாகிவிட்டது.

அவர் எதையும் பிளக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான். பெரிலியம் என்று ஒரு தனிமம். இயற்கையில் அதன் அணுக்கருவில் நாலு புரோட்டான், ஐந்து நியூட்ரான். முடுக்கியில் எட்டு நியூட்ரானைத் திணித்த பெரிலியத்தை உண்டாக்கலாம். நிலையாக இராது. ஒரு நொடியை ஐம்பது கூறு போட்டால் அதில் ஒரு கூறு முடிவதற்குள் கிட்டத்தட்டப் பாதி அழிந்துவிடும். அதை மேசைமேல் வைத்துப் பார்க்க முடியாது. பறக்கும்போதே எதன் மீதாவது மோதவிட்டுத்தான் அதன் உள்கட்டை அறிய வேண்டும். மோதவிடுகிற இலக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். காய்கறி வாங்குகிற பாலிதீன் பைக்குச் சொந்தம்தான். ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் டியூட்டீரியம் இருக்கும். டியூட்டீரியத்தில் ஒரு புரோட்டான், ஒரு நியூட்ரான். பறந்து வருகிற பெரிலியம் அந்த நியூட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். தனியாக விடப்பட்ட புரோட்டான் பின்பக்கமாகத் தெறிக்கும். அதன் வேகத்தையும் கோணத்தையும் அளந்தால், புதிதாக வந்த ஒன்பதாவது நியூட்ரான் உள்ளே எந்தப் படியில் உட்கார்ந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். ஒவ்வொரு படிக்கும் வரைபடத்தில் ஒரு மேடு, ஆய்வுக்கூடப் பேச்சில் பீக், வரும். வேணுகோபால் சார் இதுவரை யாரும் பார்க்காத இடத்தில் ஒரு மேட்டைச் சோதனையின் முதல் நாளே பார்த்திருந்தார்.

ஒரு சிக்கல் உண்டு. அந்தத் தாளில் கார்பனும் இருக்கிறது. பெரிலியம் கார்பன்மேலும் மோதும். அதிலிருந்தும் புரோட்டான்கள் வரும். எது எதிலிருந்து வந்தது என்று புரோட்டானின் நெற்றியில் எழுதியிருக்காது. ஆகவே வெறும் கார்பன் தகட்டை வைத்துத் தனியாக ஒரு முறை ஓட்ட வேண்டும். அதில் வருவதை இதிலிருந்து கழிக்க வேண்டும். இந்தத் தொழிலில் அது பல் துலக்குவது மாதிரி. செய்தால் யாரும் மெச்ச மாட்டார்கள். செய்யாவிட்டால் நாறும்.

வேணுகோபால் சார் பல் துலக்கவில்லை.

ஜப்பானில் இரண்டாம் நாள் காலை, சத்யராஜ் அட்டவணையைப் பார்த்துவிட்டு அவரிடம் போனான். கட்டுப்பாட்டு அறையில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான்: அவர், அவன், குழலி.

"சார், கார்பன் ரன்னுக்குன்னு பன்னெண்டு மணி நேரம் வெச்சிருந்தோமே, அத்தக் காணோம்."

"அதையும் டியூட்டீரியத்துக்கே குடுத்துட்டேன்பா. கவுன்ட்ஸ் ஏறட்டும்."

"அப்போ பேக்கிரவுண்ட எப்படி சார் கழிக்கிறது?"

"ஸ்மூத்தா ஒரு கர்வ் போட்டா முடிஞ்சிது."

"அது ஸ்மூத்தாதான் இருக்கும்னு நமக்கு எப்படி சார் தெரியும்?"

வேணுகோபால் கண்ணாடியைக் கழற்றினார். "நீ எந்த ஊருப்பா?"

அவருக்குத் தெரியும். நாலு வருடமாக அவரிடம்தான் இருக்கிறான்.

"ஐயம்பேட்டை சார்."

"ஐயம்பேட்டைல கார்பன் மேடும் பள்ளமுமா இருக்குமா? போயி வேலையப் பாரு. உங்களுக்கெல்லாம் ஏரோபிளேன்ல ஏத்தி உட்டதும் சயின்டிஸ்டுன்னு நெனப்பு வந்துடுது."

உங்களுக்கெல்லாம் என்று அவர் சொன்னது யாரையெல்லாம் என்று மூன்று பேருக்கும் தெரியும். குழலி அந்த 'எல்லாம்'இல் சேரவில்லை. அவள் சாருடைய தெருவுக்கு அடுத்த தெரு. அவளுடைய அப்பாவும் சாரும் ஒரே சங்கம். குனிந்து, குறிப்பேட்டில் வெற்றிடக் குழாயின் அழுத்த அளவை எழுதிக்கொண்டிருந்தாள். முட்டாள், என்று சாரை மனதுக்குள் ஒரு முறை சொன்னாள். நிம்மதியாக இருந்தது.

அன்று பிற்பகல் இரண்டு மணியிலிருந்து இரவு பத்து வரை அவளுக்கும் சத்யராஜுக்கும் முறை. வேணுகோபால் சார் கடைக்குப் போய்விட்டார். தங்கை மகள் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுக்க ஒரு மின்சார அரிசிக் குக்கர் வாங்கினார். ஜப்பானில் மின்சாரம் நூறு வோல்ட். இங்கே வந்து பிளக்கில் செருகியதும் அது புகைந்து செத்தது. அணுக்கரு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர்.

சத்யராஜ் அதற்கு முன்பே பதினாறு மணி நேரம் விழித்திருந்தான். வேறொரு மாணவனுக்கு வயிற்றுப்போக்கு என்று அவனுடைய முறையையும் சேர்த்துப் பார்த்திருந்தான். கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

"நீ போய்க் கொஞ்சம் படு," என்றாள் குழலி. அந்தப் பயணத்தில் அவள் தானாகப் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். "நான் பாத்துக்கிறேன்."

அவன் பக்கத்து அறை சோபாவில் விழுந்தான். மூன்று பத்துக்கு அவள் எழுந்து போய், இலக்குகளை மாட்டியிருந்த சட்டத்தை நகர்த்தும் பொத்தானை அமுக்கினாள். பிளாஸ்டிக் தாள் கீழே இறங்கியது. கார்பன் தகடு, பறந்து வரும் பெரிலியக் கற்றைக்கு நேரே வந்து நின்றது. தரவுகளைப் பொதுக் கோப்புறையில் சேமிக்காமல் தன் கணினிக்குத் திருப்பிவிட்டாள். குறிப்பேட்டில் ஒன்றும் எழுதவில்லை. எல்லோரும் பீம் என்கிற அந்தக் கற்றையை அனுப்புகிறவர்கள் வேறு கட்டிடத்தில் இருந்தார்கள். அது போய்ச் சேர்கிறதா என்பது மட்டும்தான் அவர்கள் கவலை.

வாதாட அவளுக்கு வராது. செய்துபார்க்க வரும்.

ஐந்து மணிக்குத் திரையில் ஏதோ தடித்தது. ஆறரைக்குச் சந்தேகமே இல்லை. வேணுகோபால் சாருடைய மேடு, அதே இடத்தில், அதே அகலத்தில், டியூட்டீரியத்தின் வாசனையே இல்லாத வெறும் கார்பனில் எழுந்து நின்றது. அது புதிய நிலை இல்லை. கார்பன் கிளப்பிய குப்பை. புரோட்டானைப் பிடிக்கிற அளவிகள் வைத்திருந்த இடத்தின் ஓரத்தில் அது வெட்டுப்பட்டு மேடு மாதிரி தெரிந்திருக்கிறது. ஆறு ஐம்பதுக்குப் பழைய இலக்கை ஏற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கை விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கினாள். சந்தோஷத்தால் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏழு மணிக்கு சார் குக்கர் பெட்டியோடு வந்து கோப்புப் பட்டியலைப் பார்த்தார்.

"மூணு பத்துலேர்ந்து ஆறு அம்பது வரைக்கும் ஒண்ணுமே இல்லையே. மூணு மணி நாப்பது நிமிஷம் எங்கம்மா?"

குழலி எழுந்தாள். வாயைத் திறந்தாள். அந்தச் சமயத்தில் பக்கத்து அறையிலிருந்து சத்யராஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கணினி உறைந்துபோய், இவள் எழுப்பக் கூச்சப்பட்டு, அப்படியே உட்கார்ந்திருக்கிறாள் என்று அவனாகவே முடிவுகட்டினான்.

"சிஸ்டம் ஹேங் ஆயிருக்கும் சார். நான்தான் போர்டுல இருந்தேன். கண்ணசந்துட்டேன்."

"நெனச்சேன்," என்றார் வேணுகோபால்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த நாள் சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதற்கடுத்த நாள் அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிவிடும். ஊர் திரும்பி, கோப்பை 'அம்மா பிளட் டெஸ்ட்' என்று பெயரிட்ட ஒரு கோப்புறைக்குள் தள்ளினாள். ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் அந்த மேட்டைப் பற்றி முப்பத்தெட்டுப் பக்கம் எழுதினாள். நல்ல நடை என்று சார் பாராட்டினார்.

கட்டுரையின் வரைவு சுற்றுக்கு வந்தபோது சத்யராஜ் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டான். கார்பன் ஓட்டம் இல்லாமல் இந்த மேட்டை நம்ப முடியாது என்று நாலே வரி. ஜப்பான்காரர்கள் மரியாதையாக விளக்கம் கேட்டார்கள். வேணுகோபால் சார் அதைவிட மரியாதையாகப் பதில் எழுதினார். கார்பன் ஓட்டத்துக்கு உத்தரவிட்டிருந்தேன், அதற்கென்று குறித்த நேரத்தில்தான் அந்த மாணவர் தூங்கிவிட்டார், நடவடிக்கை எடுக்கிறேன்.

அப்படித்தான் விசாரணை வந்தது.

செவ்வாய்க்கிழமை சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"படிச்சிப் பாரும்மா. இங்கிலீஷ் சரியா இருக்குதான்னு பாரு."

இங்கிலீஷ் சரியாக இருந்தது. ஏலவார்குழலி ஆகிய நான் அன்று பணியில் இருந்தேன். கார்பன் ஓட்டம் நடத்தும்படி பேராசிரியர் காலையிலேயே உத்தரவிட்டிருந்தார். பொறுப்பில் இருந்த சத்யராஜ் தூங்கிவிட்டதால் அது நடைபெறவில்லை.

ஒரே பத்தியில் இத்தனை பொய்யை அடுக்க ஒரு திறமை வேண்டும். அதைவிட வேடிக்கை, அந்தப் பொய்யன் குறித்த அதே நேரத்தில் அதே ஓட்டம் உண்மையாகவே நடந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அடக்குவதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

"சார், அன்னைக்கு காலைல... கார்பன் வேணாம்னு..."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார்."

வேணுகோபால் நாற்காலியை முன்னால் இழுத்தார். குரலில் வெல்லம் கரைந்தது. "குழலிமா, உனக்கு ஜனவரில வைவா. மூணாவது சாப்டர் பூரா அந்தப் பீக்குதான். ஞாபகம் இருக்குது இல்ல? இவன் பண்றது என்னையா கெடுக்குது? உன்னத்தான் கெடுக்குது. நீ நம்ம பொண்ணு. அவனுக்கென்ன, இங்க இல்லன்னா வேற எங்கயாவது கோட்டால ஒரு வேலயக் குடுத்து உக்கார வெச்சிடுவாங்க. நமக்கு யாரு குடுப்பா?"

அவரை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மனதுக்குள்தான். கண் மேசையின் மேல் இருந்தது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். ஏலவார்குழலி என்பது நீளமான பெயர். நடுவில் நிறுத்த நிறைய இடம் இருந்தது. நிறுத்தவில்லை.

புதன்கிழமை மாலை, கல்லூரி வாசலில் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எதிர் இருக்கையில் சத்யராஜைப் பார்த்தாள். இறங்கலாமா என்று யோசிப்பதற்குள் இரண்டு பேர் ஏறி அவளை உள்ளே நெருக்கித் தள்ளிவிட்டார்கள்.

"கையெழுத்துப் போட்டுட்டியாமே," என்றான்.

அவள் மடியில் இருந்த பையின் ஜிப்பைப் பார்த்தாள்.

"பரவால்ல. சொல்லிக்கினுதான் இருந்தாங்க, நீ போட்டுடுவன்னு. எனக்கு ஒரே ஒரு டவுட்டு. கேக்கட்டுமா மேடம்? மிஷின் ஹேங் ஆயி மூணு மணி நேரத்துக்கு மேல கெடக்குது. பக்கத்து ரூம்ல நான் இருக்கிறேன். வந்து, 'சத்யா, எழுந்திரு'ன்னு சொல்றதுக்குக்கூடவா உனக்கு வெக்கம்?"

"அது வந்து..."

"எங்கம்மா பட்டம்மா கேக்குது, 'ஏன்டா, தூங்கினதுக்கா ஒரு ஆள காலேஜ விட்டு அனுப்புவாங்க, கொறட்ட கிறட்ட உட்டியா'ன்னு. தெருவுல சின்னப் பசங்க என்னப் பாத்தா கொட்டாவி உடுதுங்க. ஒருத்தன் தலவாணி வோணுமா அண்ணான்றான்."

பக்கத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் சிரித்தாள். சத்யராஜும் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் குழலியை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை.

"நீ பயந்தாங்கொள்ளின்னு எனக்குத் தெரியும். அதுக்குல்லாம் கோவம் வராது. எத்தினியோ பேரு அப்படித்தான் இருக்கிறாங்க. ஆனா உனக்கு வேலயும் தெரியல பாரு, அதான் என்னால தாங்க முடியல. ஒரு ரீஸ்டார்ட் பண்ணத் தெரியாத ஆளுக்காக நான் பொய் சொல்லி மாட்டிக்கினேன். கண்டக்டர், ஐயம்பேட்டை ஒண்ணு இறங்குது நிறுத்து."

ஷேர் ஆட்டோவில் கண்டக்டர் கிடையாது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "இது இன்னா ரெண்டு மாடி பஸ்ஸா சார்?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். சத்யராஜ் இறங்கிப் போனான்.

குழலியின் காது எரிந்தது. வேலை தெரியாதவள். அந்தக் கணினி ஜப்பானில் நாலு முறை உறைந்தது. நாலு முறையும் உயிர் கொடுத்தவள் அவள். கடைசி முறை பதினோரு நொடி. குழுவில் வேறு யாராலும் முடியாது. பயந்தாங்கொள்ளி என்று சொன்னது வலிக்கவில்லை, அது தெரிந்ததுதான். இது வலித்தது. ஐந்து மாதத்தில் மனசாட்சி செய்யாத வேலையை ரோஷம் பிள்ளையார்பாளையம் வருவதற்குள் செய்து முடித்தது. தன்னைப் பற்றி இப்படித் தெரிந்துகொள்வது அவளுக்குப் பெருமையாக இல்லை.

வீட்டில் தறிச் சத்தம் நின்றிருந்தது. அம்மா இந்திராணி கூடத்தில் உட்கார்ந்து நாழிக் குழல்களில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். குழலி பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். அந்தக் கோப்புறையையும் திறந்தாள். கார்பனைக் கழிக்கிற கணக்கை இதுவரை அவள் முழுதாகச் செய்ததில்லை. செய்துவிட்டால் தெரிந்துவிடும். இப்போது செய்தாள். இரண்டு ஓட்டங்களிலும் எத்தனை பெரிலியம் போனது, தாளில் எவ்வளவு கார்பன், தகட்டில் எவ்வளவு என்று சரிபார்த்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தாள். ஏற்கெனவே உலகத்துக்குத் தெரிந்த மேடுகள் அசையாமல் நின்றன. சாருடைய மேடு இருந்த இடத்தில் தரை.

இந்திராணி எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல?"

"ஒண்ணும் இல்லம்மா. அதான்."

"இதுக்கா அஞ்சு வருஷம் படிச்ச?"

குழலி மடிக்கணினியை மூடினாள். இந்திராணி நூலின் முனையைப் பல்லால் கடித்தாள். "வேணு சார் வந்திருந்தாரு. கையெழுத்துப் போட்டுட்டன்னு சொல்லி சந்தோஷப்பட்டாரு. நாளைக்கும் இதேமாதிரி கம்முனு இருந்தா போதும்னாரு. நீ எப்பவும் கம்முனுதான இருப்பன்னு நான் சொன்னேன்."

"சத்யராஜ் பாவம்மா."

"பாவம்தான். அதுக்கு? அவங்க வம்பு அவங்களோட. நாம எதுக்கு நடுவுல போயி?"

அவங்க, நாம. ஜப்பான் வரை போய்வந்த அந்த 'எல்லாம்' இந்தக் கூடத்தில் பிறந்ததுதான் என்று குழலிக்குத் தோன்றியது. அம்மாவை அவளால் மட்டமாக எடைபோட முடியவில்லை. போட்டால் அதே தராசில் தானும் ஏற வேண்டும்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கல்லூரிக் கூட்ட அறையில் விசாரணை ஆரம்பித்தது. தலைவர் வேதியியல் துறை ஆதிகேசவன். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. அவருக்கு வலப்பக்கம் வேணுகோபால் சார். புகார் கொடுத்தவரே விசாரிக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. இடப்பக்கம் நிர்வாகத்தின் சார்பில் ஒரு பெரியவர். பதினொன்றேகாலுக்கு அவர் தாடை நெஞ்சில் சாய்ந்தது. தூங்கியவனை விசாரிக்கிற இடத்தில் அவர் ஒருவர்தான் நேர்மையாக நடந்துகொண்டார்.

சத்யராஜ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றான். உட்காரச் சொல்லவில்லை. குழலியை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

"ஏம்பா சத்யராஜ்," என்றார் ஆதிகேசவன், "ஜப்பான்ல மெத்த நல்லா இருந்திச்சா?"

"மெத்த இல்ல சார். சோபா."

"சோபாவா! அப்படி சொல்லு. நம்ம ஐயம்பேட்டைல ஏது சோபா? பாத்ததும் சொக்கிட்ட."

வேணுகோபால் சிரித்தார். தட்டச்சு செய்கிற பெண் சிரித்தாள். பெரியவர் விழித்து, என்னவென்று தெரியாமலே சிரித்துவிட்டு மறுபடி கண்ணை மூடினார். இன்னொரு சிரிப்புச் சத்தமும் கேட்டது. சின்னதாக, மூக்கு வழியாக. அது தன்னுடையது என்று குழலிக்குத் தெரிய ஒரு நொடி ஆயிற்று. வெறும் பழக்கம். பெரியவர்கள் சிரித்தால் சிரித்துவைக்கிற பழக்கம். அவள் உள்ளங்கையைத் தொடையில் அழுத்தித் துடைத்தாள்.

"சார் கார்பன் ரன் பண்ணச் சொல்லலன்னு நீ எழுதிக் குடுத்திருக்கிற. அப்போ சார் பொய் சொல்றாரா?"

"கேட்டது நான் சார். வேணாம்னது அவரு."

"சாட்சி?"

சத்யராஜ் சட்டையின் மடிப்பை நீவிவிட்டான்.

"சரி. உன்னத் தூங்கச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

அவன் குழலியைப் பார்த்தான். அவள் சொன்னாள் என்று சொன்னால் பாதி தப்பிக்கலாம். உண்மையும்கூட. சுவரைப் பார்ப்பதுபோல் அவளைக் கடந்து பார்த்தான்.

"இல்ல சார். நானாத்தான்."

ஆதிகேசவன் தாளைப் புரட்டினார். "ஏலவார்குழலி. இது உங்க கையெழுத்துதானம்மா?"

"ஆமா சார்."

"சந்தோஷம். நீங்க போலாம்."

அவள் எழுந்தாள். போகவில்லை. ஆதிகேசவன் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"இன்னாம்மா?"

"கையெழுத்து மட்டும்தான் என்னுது சார். எழுதினது வேணு சார்."

"குழலிமா," என்றார் வேணுகோபால், புன்னகை மாறாமல். "உடம்பு சரியில்லையா? உக்காரு."

"உக்காந்தா பேச வராது சார்."

குரல் கீச்சென்று வந்தது. அறைக்கே கேட்கவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். பெரியவர் விழித்துக்கொண்டார். சத்யராஜ் முதல் முறையாக அவள் பக்கம் முழுதாகத் திரும்பினான். மூன்றாம் இயலின் முப்பத்தெட்டுப் பக்கம் அவள் கண்முன் ஒரு முறை வந்து போயிற்று. நல்ல நடைதான்.

"மிஷின் ஹேங் ஆகல. சத்யாவப் போய்ப் படுன்னு சொன்னது நான். சார் கார்பன் வேணாம்னாரு, நான் கேட்டுக்கினுதான் இருந்தேன்." வேணுகோபாலை நேராகப் பார்த்தாள். "பீம் எங்கயும் தொலையல சார். மூணு மணி நாப்பது நிமிஷமும் வெறும் கார்பன்மேல நான்தான் ஓட்டினேன். உங்க பீக்கு அதுலயும் அப்படியே இருக்குது."